வாத்தியார் வண்டி

ஓமலூர் பக்கம் கார் நின்றுபோனால் உதவிக்கு ஆள் தேட வேண்டியதில்லை. பானெட்டைத் தூக்கினால் போதும், ஆள் வந்துவிடும். லாரிக்குச் சங்ககிரி, ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு, பாடி கட்ட நாமக்கல் என்று ஊருக்கு ஊர் சக்கரத்தை நம்பிப் பிழைக்கும் சீமை இது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் கிளீனராக இருந்திருப்பார், ஒருவர் டிரைவராக இருந்திருப்பார், இன்னொருவர் சொந்தமாக லாரி வாங்கி நொடித்திருப்பார். எல்லோருக்கும் வண்டி தெரியும். எனக்குத் தெரியாது. ஆனால் நான் அறிவியல் வாத்தியார். தெரியாது என்று சொல்லும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை.

என்னிடம் இருப்பது 1998-ஆம் ஆண்டு மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், நான்கு கியர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் பத்திரமாக வைத்திருந்து எனக்குக் கொடுத்தது. அவரிடம் இருந்தவரை அது ஒரு நாளும் நடுரோட்டில் நின்றதில்லை. இந்த ஒரு தகவலே என் கதைக்குப் போதுமான முன்னுரை.

உதிரிபாகம் கிடைக்கவில்லை என்று தப்பிக்கவும் வழியில்லை. 1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில் ஹர்பால் சிங் என்பவரிடம் இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்ததிலிருந்து, 2014 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்தியது வரை 25 லட்சத்துக்கும் மேல் விற்ற கார். சேலத்துக் கடைகளில் இல்லாத சாமான் சென்னை புதுப்பேட்டையில் இருக்கும். ஆகவே என் வண்டி பட்ட பாட்டுக்கெல்லாம் காரணம் அதன் வயது இல்லை. என் வயதுதான். இந்த வயதில் ஒருவனுக்கு இருக்க வேண்டிய நிதானம் எனக்கு இல்லை.

வாங்கியதும் செய்த முதல் செலவு பாட்டுப்பெட்டி. ஆம்ப்ளிஃபயர், டிக்கியை அடைத்துக்கொண்டு ஒரு சப்வூஃபர். பிரேக் எப்படி இருக்கிறது, டயர் எந்த வருஷத்தது, ரப்பர் குழாய்களைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று எதையும் கேட்கவில்லை. பாட்டு எப்படிக் கேட்கிறது என்று மட்டும் பார்த்தேன். நன்றாகக் கேட்டது. இந்த வண்டியில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. எஞ்சினை அணைத்துவிட்டு, கடைக்குள் போன மனைவி வரும்வரை பழைய பாட்டாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வந்து உட்கார்ந்ததும் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு எதிரில் என் மாணவர்கள் வண்டியைத் தள்ளினார்கள். வகுப்பில் அவர்கள் முகத்தில் அத்தனை மகிழ்ச்சியை நான் பார்த்ததில்லை.

பேட்டரி செத்துவிட்டது என்று முடிவு கட்டிப் புதிதாக வாங்கிப் போட்டேன். கொஞ்ச நாளில் மறுபடியும் அதே ‘டிக்’. அப்போதுதான் மேட்டூர் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். லாரியில் தொழில் பழகியவர். என்னை ‘வாத்தியாரே’ என்பார். அது மரியாதையா கிண்டலா என்பது, அன்றைக்கு வண்டி எந்தக் கோலத்தில் வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அவர் முதலில் பேட்டரியைத் தொடவே இல்லை. குனிந்து கியர்பாக்ஸ் பக்கம் கையை விட்டு, பாடியில் போய் முடுக்கியிருந்த எர்த் கம்பியின் போல்ட்டைக் கழற்றி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கம்பி முனை பச்சை பூத்திருந்தது. போல்ட்டின் கீழே துரு, துருவுக்குக் கீழே பெயிண்ட். பேட்டரி முனைகளில் வேறு வெள்ளையாக உப்புப் பிடித்திருந்தது.

“கரண்ட் போனா மட்டும் போதுங்களா வாத்தியாரே? திரும்பி வர வேண்டாமா?”

சுற்று மூடியிருந்தால்தான் மின்னோட்டம் பாயும் என்று கரும்பலகையில் படம் போட்டே நடத்துகிறவன் நான். அவர் உப்புத்தாள் வைத்துத் தகடு பளபளக்கும் வரை தேய்த்தார். பேட்டரி முனைகளைக் கழற்றும்போது நெகடிவ்வை முதலில் எடுத்தார், மாட்டும்போது கடைசியாக மாட்டினார். சோடா உப்புக் கரைத்த வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, மேலே வாசலின் தடவினார். ஸ்டார்ட்டர் துள்ளிச் சுற்றியது. வாங்கிய கூலி, புது பேட்டரி விலையில் ஒரு மூலைக்குக் காணாது. பழைய வண்டியில் மின்சாரக் கோளாறு என்றால் சாமானைச் சந்தேகிப்பதற்கு முன் எர்த்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று அன்று கற்றேன். கற்றதை அடுத்த வேலையிலேயே மறந்தேன்.

அடுத்தது முகப்பு விளக்கு. ராத்திரியில் பெங்களூர் ரோட்டில் எதிரே வரும் வண்டிகளுக்கு முன்னால் என் விளக்கு அகல்விளக்காகத் தெரிந்தது. கம்பெனி போட்டது 60/55 வாட். கடையில் 100/90 வாட் பல்ப் தொங்கியது. வாங்கி மாட்டினேன். வெளிச்சம் என்னவோ வந்தது. கொஞ்ச தூரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாசமும் வந்தது. எங்கேயோ வயலில் எதையோ கொளுத்துகிறார்கள் என்று நினைத்து ஜன்னலை ஏற்றிவிட்டேன். வாசம் இன்னும் கூடியது. உருகிக்கொண்டிருந்தது என் ஸ்டீயரிங் கீழே இருக்கும் விளக்கு ஸ்விட்ச்.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம். 12 வோல்ட்டில் இரண்டு 60 வாட் பல்ப் இழுப்பது 10 ஆம்பியர். இரண்டு 100 வாட் இழுப்பது கிட்டத்தட்ட 17. அந்த ஓட்டம் முழுக்க இருபது வயது தாண்டிய ஒரு சின்ன ஸ்விட்ச் வழியாகப் போகிறது. பரீட்சையில் இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்ட பையன்களை நான் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன்.

மெக்கானிக் அண்ணன் செய்தது இரண்டே வேலை. மங்கிப்போயிருந்த ரிஃப்ளெக்டரைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டார். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த கம்பி இழுத்து, ஃப்யூஸ் வைத்து, ரிலே மாட்டினார். இனி ஸ்விட்ச் ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும், பாரத்தைக் கம்பி சுமக்கும். பல்ப் பழைய 60/55 வாட்டேதான். முன்பு போட்ட 100 வாட்டைவிட ரோடு இப்போது தெளிவாகத் தெரிந்தது. அதுவரை வெளிச்சம் போனது வாட் போதாமல் இல்லை, கம்பியிலும் கண்ணாடியிலும் வழியில் செத்துப்போனது. ஹாலஜனுக்குச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகுவது இப்போதைய மோஸ்தர். எதிரே வருகிறவர் கண்ணில்தான் அந்த வெளிச்சம் முழுக்க விழுகிறது. நான் அதைச் செய்யவில்லை. நல்ல புத்தி வந்ததால் அல்ல, கையில் அப்போது காசில்லை.

காசு இல்லாமல் போனது அலாய் சக்கரத்தால். அசல் சக்கரம் 12 அங்குலம், டயர் 145/70. பார்க்கச் சைக்கிள் சக்கரம் போல இருக்கிறது என்று மைத்துனர் சொன்ன ஒரே சொல்லுக்காக 13 அங்குல அலாயும் அகலமான டயரும் போட்டேன். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி. அதன் பிறகு வண்டியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவது தோளுக்கு நல்ல உடற்பயிற்சி ஆயிற்று. இழுவை குறைந்தது, மைலேஜ் குறைந்தது, முழுதாக ஒடித்துத் திருப்பினால் டயர் உள்ளே உரசியது. சக்கரத்தின் மொத்த விட்டம் கூடியதால் ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்ட ஆரம்பித்தது. அதாவது அது காட்டியதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வண்டியில் நான் செய்த ஒரே வேக மேம்பாடு அதுதான்.

அந்த டயர்களிலேயே இன்னொரு வேடிக்கை. புத்தம் புதுசு, பாதி விலை என்று கடைக்காரர் கொடுத்தார். பட்டன் ஆழமாக, முள்முடி போன்ற ரப்பர் இழைகூட உதிராமல் இருந்தது. அண்ணன் உட்கார்ந்து டயரின் பக்கவாட்டில் விரலை ஓட்டி ஒரு நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2309 என்று இருந்தால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். என்னுடையதும் ஏறக்குறைய அந்தக் காலத்துச் சரக்கு. நகத்தால் அழுத்திப் பார்த்தால் ரப்பர் நெகிழவில்லை. பட்டன் அடிப்பகுதியில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. ரப்பர் ஓடினால் தேயும், ஓடாவிட்டால் காயும். டயர் வாங்கும்போது விலையைக் கேட்கும் முன் இந்த நான்கு எண்ணைப் படியுங்கள். படிக்கச் சொல்லித்தருவதற்குச் சம்பளம் வாங்கும் நான் படிக்கவில்லை.

இனி சொல்லப்போவதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ரேடியேட்டருக்கு நான் வீட்டு போர் தண்ணீர்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். கருப்பூரிலிருந்து சேலம் வரும் வழியில் வெட்டிக் குவித்த வெள்ளைக் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். மேக்னசைட் பூமி. எங்கள் வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் ஓடு போல வெள்ளைப் படிவு உட்காரும், தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயரும். பானை கண்ணுக்குத் தெரிந்தது. ரேடியேட்டரின் உள்பக்கம் தெரியவில்லை.

போதாக்குறைக்கு, ‘நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்குங்க, புடுங்கிப் போட்டுடுங்க’ என்று டீக்கடையில் ஒருவர் சொல்ல, அதையும் பிடுங்கிப் போட்டிருந்தேன். எஞ்சின் உரிய சூட்டுக்கு வரும்வரை தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. அது இல்லாமல் தினமும் பள்ளிக்கூடம் வரையிலான சின்ன ஓட்டத்தில் எஞ்சின் சூடேறவே இல்லை. பெட்ரோல் கூடக் குடித்தது. ஆனால் நீண்ட ஏற்றத்தில் காப்பாற்றவும் இல்லை.

தர்மபுரியில் ஒரு வளைகாப்பு. தீவட்டிப்பட்டி தாண்டி தொப்பூர் ஏற்றம் தொடங்கியதும் சூட்டு முள் எழும்பியது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் மூன்று பேர், மடியில் தாம்பாளங்கள். முள் சிவப்பைத் தொட்டும் நான் நிறுத்தவில்லை. மேலே போய்விட்டால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. பானெட் விளிம்பில் ஆவி வந்த பிறகுதான் ஓரங்கட்டினேன். இறங்கி, துண்டை மடித்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன். பின்னால் நிறுத்தியிருந்த லாரியிலிருந்து ஒரு குரல்: “சார், கையை எடுங்க! கையை எடுங்கங்கறேன்!”

எடுத்தேன். அந்தக் குரலுக்கு இன்றைக்கும் என் முகம் கடன்பட்டிருக்கிறது. அந்த மூடி குக்கர் மூடிதான். உள்ளே அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். அழுத்தத்தைத் திடீரென்று விடுவித்தால் ஒரே நொடியில் கொதித்து, ஆவியும் வெந்நீருமாக மேலே பாயும். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும் என்று நடத்திவிட்டு வீட்டுப்பாடமும் கொடுக்கிறவன், கையில் துண்டோடு அங்கே நின்றேன். வளைகாப்புக்கு வேறொரு காரைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வளையல் போட்டு முடித்து, கட்டுச்சோறும் பரிமாறிவிட்டார்கள்.

பட்டறையில் ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தார்கள். காவி கலந்த வெள்ளைக் குழம்பு கொட்டியது.

“என்ன தண்ணிங்க ஊத்துனீங்க?”

“போர் தண்ணிதாங்ணா.”

“அதை நீங்க குடிப்பீங்களா?”

“இல்லைங்ணா. கேன் தண்ணிதான்.”

“வண்டிக்கு மட்டும் ஏனுங்க?”

பக்கத்தில் நின்ற மனைவி சேர்த்துக்கொண்டார்: “ஏங்க, பசங்களுக்குக் கடின நீர்னு நடத்துறது இதைத்தானே?” இதையேதான். கொதிக்க வைத்தால் தற்காலிகக் கடினத்தன்மை நீங்கும், கரைந்திருப்பது கார்பனேட்டாக வீழ்படிவாகும். எங்கே வீழ்ந்து படியும் என்று பாடப்புத்தகத்தில் இல்லை. என் ரேடியேட்டரில்.

புதுத் தெர்மோஸ்டாட், புது மூடி, புது ஹோஸ். காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலண்ட். அது உறைபனிக்குத்தான், நமக்கு வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். கூலண்ட் துருவையும் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. ஓமலூருக்கு இந்த இரண்டும் வேண்டும். சூட்டு முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, அரை மணி நேரமாவது மூடியைத் தொடாமல் காத்திருங்கள். டீக்கடை இருந்தால் டீ குடியுங்கள். யோசனை மட்டும் கேட்காதீர்கள்.

ஏறுவதில் தோற்றவன் இறங்குவதிலும் தோற்க வேண்டும் அல்லவா? சேலத்திலிருந்து ஏற்காடு மலைப்பாதைக்கு 20 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக நினைத்து நாலாவது கியரில், பிரேக்கிலேயே கால் வைத்து வந்தேன். பாதி வழியில் பெடல் மெத்தென்று உள்ளே போனது. கைப்பிரேக்கும் கடவுளுமாக ஒரு திட்டின் ஓரத்தில் நிறுத்தினேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 புதிதாக இருக்கும்போது கொதிக்க 205 டிகிரியாவது வேண்டும், ஈரம் ஏறிவிட்டால் 140-க்கே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பாஸ்கல் விதி ஏற்காட்டுக்கும் பொருந்தும் என்று தெரிந்துகொள்ள அந்த மலை தேவைப்பட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

இப்போது புதுக் கவலை எத்தனால். 2025-இல் நாடு 20 விழுக்காடு கலப்பை எட்டிவிட்டது. என் வண்டி செய்த காலத்தில் இந்தக் கலப்பை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய வடிவமைப்புக் கார்களில் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு குறையலாம் என்று நீதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. மைலேஜ் போனால் போகட்டும். எத்தனால் பழைய ரப்பரைத் தின்னும், ஈரத்தையும் இழுக்கும். ஷெட்டில் பெட்ரோல் வாசம் அடித்தபோது, முன்பு கருகல் வாசத்துக்கு ஜன்னலை ஏற்றியவன் இந்த முறை நேராகப் பட்டறைக்குப் போனேன். எரிபொருள் ஹோஸ் வளைவில் வெடிப்பு விட்டுக் கசிந்துகொண்டிருந்தது. எத்தனால் தாங்கும் ஹோஸ், புது ஃபில்டர், கார்புரேட்டருக்குப் புது வாஷர் செட் எல்லாம் போட்டாயிற்று. ரப்பர் என்று ஆரம்பித்ததால் டைமிங் பெல்ட்டையும் அண்ணன் மாற்றிவிட்டார். அதற்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டுமல்ல, வருஷக் கணக்கும் உண்டு. நான் செய்த காரியங்களில் உருப்படியானது இது ஒன்றுதான். அதைப் பார்த்து யாரும் பாராட்டவில்லை, ஏனென்றால் வெளியே தெரியாது.

அங்கேதான் என் தோல்விகளுக்கெல்லாம் வேர். கண்ணுக்குத் தெரிகிற வேலைக்குக் காசு கொடுத்தேன். தெரியாத வேலைக்குக் கணக்குப் பார்த்தேன். 2023-இல் ஆர்.சி. புதுப்பிக்க எஃப்.சி. காட்டப் போனபோதும் இதே கதை. ஜன்னலில் கறுப்பு ஃபிலிம், பானெட்டுக்குள் லாரி ஹாரன். 2012-லேயே உச்ச நீதிமன்றம் ஃபிலிமைத் தடை செய்தாயிற்று. திருப்பி அனுப்பினார்கள், அவர்கள் மேல் குற்றமே இல்லை. அலுவலக வாசலில் நின்று பிளேடு வைத்து ஃபிலிமைச் சுரண்டினேன். பசையைப் பெயர்ப்பது, ஃபிலிமை ஒட்டியதைவிட அதிக நேரம் தின்றது. 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ஆகியிருந்தது. 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000. அடுத்து 2028-இல் என் முறை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்தத் தொகையை இப்போதே தனியாக எடுத்து வைப்பது நல்லது. பசுமை வரியும் உண்டு.

பழைய வண்டிக்குக் காசு செலவழிக்கும் வரிசையை அண்ணனிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். நிற்க வைப்பது முதலில்: பிரேக், டயர். பிறகு குளிர வைப்பது. பிறகு ரப்பர் எல்லாம். பிறகு எர்த்தும் கம்பியும். பிறகு வெளிச்சம். இவ்வளவும் முடிந்து காசு மிஞ்சினால் கதவுகளின் கீழ் விளிம்பில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளை ஒரு குச்சியால் குத்திவிடச் சொன்னார். அதற்குக் காசே வேண்டாம் என்றேன். “அதனாலதாங்க யாரும் செய்யறதில்ல” என்றார். குத்தினேன். முன்கதவிலிருந்து போன மழைக்காலத்துத் தண்ணீர் பழுப்பாக ஒழுகியது.

கடைசியாக ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், எதை மாற்றினோம் என்று எழுதும் நோட்டு. மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் தேதி இல்லையென்றால் கையெழுத்துப் போடாதவன், வண்டிக்கு இத்தனை வருஷம் அதை எழுதவில்லை. வண்டியை விற்ற அந்த வங்கிக்காரர், சாவியோடு ஒரு பழைய டைரியையும் கொடுத்திருந்தார். கணக்குப் பிள்ளையின் சொந்தக் கணக்கு என்று பிரிக்காமலே பரணில் போட்டிருந்தேன். இப்போது எடுத்துப் பார்த்தால் பிரேக் ஆயில் மாற்றிய தேதியிலிருந்து கூலண்ட் கலந்த அளவு வரை எல்லாம் அதில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் பேனாவால் அடிக்கோடிட்டு ஒரு வரி: ‘போர் தண்ணீர் ஊற்றக் கூடாது.’

இதையெல்லாம் படித்த பிறகும் பழைய கார் வாங்கி முதல் செலவாகப் பாட்டுப்பெட்டி வாங்கத்தான் போகிறேன் என்பவர் யாராவது இருந்தால் கடைக்குப் போக வேண்டாம். ஓமலூருக்கு வாருங்கள். ஆம்ப்ளிஃபயரோடு ஒரு சப்வூஃபர் என் வீட்டில் சும்மாதான் இருக்கிறது. பாதி விலை. 13 அங்குல அலாய் நான்கும் சேர்த்து எடுத்தால் இன்னும் பேசிக்கொள்ளலாம்.